நாட்டைப் பார்க்கப் புறப்படும் பிள்ளைகளுக்கு முதலில் பிச்சாவரத்தைக் காட்டுங்கள்

கடலூர் மாவட்டப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த ஆசிரியப் பெருமக்களுக்கு,

அரையாண்டுத் தேர்வு முடிந்தால் நம் பள்ளிகளில் கல்விச் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். ஊட்டியா, கொடைக்கானலா, மைசூரா என்று ஆசிரியர் அறையில் விவாதம் நடக்கும். பேருந்து வாடகை, தங்கும் இடம், சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு தொகையை அறிவிப்பீர்கள். பணம் கட்டியவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பேருந்து ஏறுவார்கள். கட்ட முடியாதவர்கள் திங்கட்கிழமை வகுப்பில் உட்கார்ந்து கதை கேட்பார்கள்.

இந்தப் பயணங்களுக்குப் பின்னால் உங்கள் உழைப்பு எவ்வளவு என்பதை அறிந்தே எழுதுகிறேன். தலை எண்ணி ஏற்றி, தலை எண்ணி இறக்கி, இரவெல்லாம் கண் விழித்து, பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்க்கும்வரை உங்களுக்கு நிம்மதி இல்லை. அந்தப் பொறுப்பை யாரும் கட்டாயப்படுத்தாமல் நீங்களாகவே ஏற்கிறீர்கள். அதனால்தான் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கத் துணிகிறேன்.

இந்தியா சுற்றிப் பார்க்க வேண்டிய நாடு. கிர் காட்டுச் சிங்கம், காசிரங்காவின் காண்டாமிருகம், சுந்தரவனத்துப் புலி, கட்ச் பாலையின் உப்புவெளி, லடாக்கின் பனிமலை, நம் முதுமலையின் யானை என்று ஒரு வாழ்நாளில் பார்த்து முடிக்க முடியாத நாடு. நம் பிள்ளைகள் இதையெல்லாம் பார்க்க வேண்டும், வளர்ந்து தங்கள் பிள்ளைகளையும் அழைத்துப்போக வேண்டும் என்பதுதான் என் ஆசையும். ஆனால் அந்தப் பெரும்பயணத்துக்கு முன்னால், 6 முதல் 9 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு நம் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு நாள் பயணம் வேண்டும் என்று கேட்கிறேன். ஒரு பிள்ளைகூட விடுபடாத பயணமாக அது இருக்க வேண்டும்.

'பிச்சாவரமா? அங்கேதான் ஏற்கெனவே அழைத்துப் போகிறோமே' என்று உங்களில் பலர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் எப்படிப் போகிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பேருந்து உச்சி வெயிலில் போய் நிற்கும். மோட்டார் படகில் ஏறி, கூச்சல் போட்டு, படம் எடுத்து, 'இதயக்கனி' படப்பிடிப்பு நடந்த இடத்தைக் கேட்டு, ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுவோம். அந்த ஒரு மணி நேரத்தில் காட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது பிள்ளைகளுக்கும் தெரியாது, பல சமயம் நமக்கும் தெரியாது. பெரிய நாட்டைச் சுற்றும்போதும் இதே பழக்கம்தான் கூடவே வரும். காசிரங்காவுக்குப் போனாலும் ஜீப்பிலிருந்து காண்டாமிருகத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவோம். ஓர் இடத்தை நின்று, பொறுத்து, கேள்வி கேட்டுப் பார்க்கும் பழக்கத்தை நம் ஊரில்தான் கற்றுத்தர முடியும். இங்கே பேசுவது நம் மொழி. ஒரு நாள் போதாவிட்டால் மறுபடியும் போகலாம்.

பிச்சாவரத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில், வடக்கே வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் தெற்கே கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே கிடக்கும் அலையாத்திக் காடு அது. 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலம் என்ற தகுதியைப் பெற்றது. பரப்பு 1,478 ஹெக்டேர்தான். இந்தியாவும் வங்கதேசமும் பகிர்ந்துகொள்ளும் சுந்தரவனம் பத்தாயிரம் சதுர கிலோமீட்டர் அளவில் பரந்தது. அதனோடு ஒப்பிட்டால் நம்முடையது கையகலக் காடு. ஆனால் உப்புநீரில் ஒரு மரம் எப்படி உயிர் வாழ்கிறது என்ற பாடம் இரண்டிலும் ஒன்றே. கையகலத்தில் இருப்பதால் பிள்ளைகளுக்கு அது எளிதில் பிடிபடும்.

காலையிலேயே போங்கள். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள். குறுகலான வாய்க்கால்களுக்குள் நுழையக்கூடியது அதுதான். சத்தமில்லாமல் போவதும் அதுதான். கரையோரம் வெண்கண்டல் மரத்தின் பக்கம் படகை நிறுத்தச் சொல்லுங்கள். ஓர் இலையை நாக்கில் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய நீரோடு வந்த உப்பை அந்த மரம் இலை வழியே வெளியேற்றுகிறது. வெயில் ஏறிய நேரத்தில் இலையின் மேல் பொடிப்பொடியாக உப்பு படிந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் உயரத்தில் நூற்றுக்கணக்கான குச்சிகள் நிமிர்ந்து நிற்கும். அவை மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லை. அதனால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது.

அடுத்து சுரபுன்னை. கிளையிலிருந்தும் தண்டிலிருந்தும் வளைந்து இறங்கும் முட்டு வேர்களால் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும் மரம். அதன் கிளையில் முருங்கைக்காய் போலத் தொங்குவதைப் பிள்ளைகள் காய் என்று நினைப்பார்கள். அது நாற்று. விதை மரத்திலேயே முளைத்து, நீண்டு, தயாரான பிறகே கீழே விழுகிறது. நீர் வற்றியிருந்தால் சேற்றில் குத்தி நின்று வேர் விடும். நீர் ஏறியிருந்தால் மிதந்து போய் வேறிடத்தில் ஊன்றும். அறிவியல் புத்தகம் ஒரு பக்கத்தில் சொல்வதைப் படகிலிருந்து கை நீட்டித் தொட்டுப் பார்த்த பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது.

தில்லை மரத்தை மட்டும் தொட விடாதீர்கள். சிதம்பரம் கோயிலின் தல மரம் அதுதான். அதன் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஒரு காலத்தில் தில்லை வனமாக இருந்த ஊரில் இன்று அந்த மரத்தைப் பார்க்க வேண்டுமானால் பிச்சாவரத்துக்குத்தான் வர வேண்டும். கோயிலையும் காட்டையும் ஒரே நாளில் காட்டினால், ஓர் ஊர் தன் காட்டிலிருந்து எவ்வளவு தூரம் விலகி வந்திருக்கிறது என்பதை நீங்கள் விளக்காமலே பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

இந்தக் காடு தானாகவே இப்படி நிலைத்து நிற்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். 1970-கள் வரை கூறு கூறாகப் பிரித்து மொத்தமாக மரம் வெட்டும் முறை இங்கே நடைமுறையில் இருந்தது. நிழல் போன மண்ணில் வெயில் நேராக அடித்தது. ஈரம் வற்றி மண் அமிழ்ந்து பள்ளமானது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கிச் சுண்டியது. உப்பு ஏறி, மறுபடி எதுவுமே முளைக்காத பொட்டலாகிவிட்டது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன் முள்ளின் வடிவில் நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் இரு பக்கமும் கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். கடல்நீர் வந்து போக வழி கிடைத்ததும் உப்பு கழுவப்பட்டது, நட்ட கன்றுகள் பிழைத்தன. ஒரு காடு ஏன் செத்தது என்று சரியாகக் கண்டுபிடித்தால் அதை மீட்க முடியும் என்பதற்கு நம் கண்முன் இருக்கும் சான்று இது. சூழல் என்றாலே அழிவு என்று மட்டும் கேட்டு வளரும் தலைமுறைக்கு இந்தச் செய்தி மிகவும் தேவை.

2004 டிசம்பர் 26 அன்று நடந்ததை இந்தப் பிள்ளைகள் பார்த்ததில்லை. ஆழிப்பேரலையில் நம் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால் போன்ற மீனவக் குடியிருப்புகள் சிதைந்துபோயின. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. மறு ஆண்டு அக்டோபரில் 'சயின்ஸ்' ஆய்விதழ் நம் கடலூர்க் கடற்கரையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. மரங்கள் அடர்ந்திருந்த இடங்களில் பாதிப்பு குறைந்திருந்தது என்பதே அதன் முடிவு. மரம் நடும் விழாவில் நாம் பேசும் எந்தப் பேச்சையும்விட, அந்தத் திட்டைப் படகிலிருந்து காட்டிச் சொல்லும் நான்கு வாக்கியங்கள் ஆழமாகப் பதியும்.

இனி ஒரு முக்கியமான வேண்டுகோள். இந்தப் பயணத்தில் பாடம் நடத்தும் ஆசிரியர் நீங்கள் மட்டுமாக இருக்க வேண்டாம்.

பிச்சாவரம், கிள்ளை சுற்றுவட்டாரத்தில் இருளர் குடும்பங்கள் வாழ்கின்றன. வலை இல்லாமல், இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிப்பவர்கள் அவர்கள். பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வியோ கழுத்தில் கட்டியோ வைத்திருப்பார்கள். சேற்றின் பதத்தை வைத்து எங்கே இறால் பதுங்கும், எந்தக் குழிக்குள் நண்டு இருக்கும், ஓதம் எந்த நேரத்தில் வற்றும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. படகு ஓட்டும் அண்ணன்மார்களுக்கும் கரையில் வலை உலர்த்தும் மீனவர்களுக்கும் இதுபோல ஒரு படிப்பு உண்டு. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்கு நான்கு பெயர் சொல்லி, எந்தக் காற்றில் எந்த மீன் படும் என்று கணக்குச் சொல்வார்கள்.

இவர்களில் ஒருவரைப் பிள்ளைகள் முன்னால் நிறுத்துங்கள். அவருடைய அரை நாள் வேலைக்கு உரிய கூலியைக் கொடுத்து, மரியாதையோடு அழையுங்கள். வேடிக்கைப் பொருளாக்கிப் படம் எடுக்காதீர்கள். அவர் சொல்வதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். நம் வகுப்பறைகளில் இருளர் பிள்ளைகள் இருக்கிறார்கள், மீனவர் பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் தலை குனியும் பிள்ளை, தன் அம்மாவிடம் தன் வகுப்பு முழுவதும் பாடம் கேட்பதைப் பார்க்கட்டும். ஊட்டிப் பயணத்தில் இதைத் தர நம்மால் முடியாது.

பிச்சாவரத்தோடு நின்றுவிடவும் வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை நம் மாவட்டத்துக்கு வந்து சேரும் விருந்தாளிகளை எண்ணிப் பாருங்கள். நாட்டைத் தேடி நாம் போவதற்கு முன்பே நாடு நம்மைத் தேடி வந்துகொண்டிருக்கிறது.

கடலூர் தேவனாம்பட்டினம் தொடங்கித் தெற்கே நீளும் மணற்கரையில் அந்த மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறுகின்றன. துடுப்புக் கால்களால் குழி தோண்டி, நூறு முட்டை அளவில் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. ஒடிசாவின் கஹிர்மாதா கரையில் லட்சக்கணக்கில் கூடி முட்டையிடும் அதே இனம்தான் இது. ஒடிசாவில் அடையாள வில்லை பொருத்தி விடப்பட்ட ஆமைகள் தமிழகக் கடலிலும் இலங்கைக் கடலிலும் தென்பட்டிருக்கின்றன. நாயும் நரியும் தோண்டிவிடாதபடி வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துக் கரையோரப் பொரிப்பகங்களில் புதைத்துக் காக்கிறார்கள். ஒன்றரை மாதத்துக்குச் சற்று மேலானதும் குஞ்சுகள் வெளிவருகின்றன. மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண் குஞ்சுகளே அதிகம். புவி வெப்பமாதல் என்ற பாடத்தை இதைவிடக் கண்கூடாக எங்கே நடத்துவீர்கள்?

குஞ்சுகள் கடல்மேல் தெரியும் வெளிச்சத்தை நோக்கிப் போகும் இயல்புடையவை. கரையில் எரியும் விளக்கு அவற்றைத் திசை திருப்பிவிடும். வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டு, குஞ்சுகளைக் கடலில் விடும் நாளில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். கைப்பேசி வெளிச்சம் கூடாது, கையால் தொடக்கூடாது, வரிசை கலையக்கூடாது. சென்னையில் 1988 முதல் மாணவர்களே இரவில் கடற்கரை நெடுக நடந்து ஆமை முட்டைகளைக் காக்கும் அமைப்பு ஒன்று இயங்கி வருகிறது. நம் மாவட்டப் பிள்ளைகளாலும் அது முடியாதா என்ன?

மேற்கே திரும்பினால் வீராணம். சோழன் முதலாம் பராந்தகன் காலத்தில், அதாவது பத்தாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட ஏரி. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடங்குவது இதன் கரையில்தான். குடகில் பிறக்கும் காவிரி, கொள்ளிடமாகப் பிரிந்து, கீழணையில் தடுக்கப்பட்டு, வடவாறு வழியாக இந்த ஏரிக்கு வருகிறது. இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணப்பட்டு 2004 முதல் சென்னையின் தாகத்தைத் தணிக்கிறது. கர்நாடகத்து மலையையும் தஞ்சை வயலையும் சென்னைக் குடிநீர்க் குழாயையும் ஒரே கோட்டில் இணைத்துப் பார்க்கும் புவியியல் வகுப்பை அந்தக் கரையில் நின்று நடத்தலாம். மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்திருக்கும் நாட்களில் நத்தைகுத்தி நாரைகள் வயலில் இறங்கி நத்தை பொறுக்குவதையும், நீர்க்காகங்கள் சிறகு விரித்து உலர்த்துவதையும், ஊசிவால் வாத்துகள் கூட்டமாக மிதப்பதையும் பார்க்கலாம். ஊசிவால் வாத்துகள் இமயத்துக்கு அப்பாலிருந்து வருபவை. இலவசமாகக் கிடைக்கும் விசா அவற்றுக்கு நம் ஏரிகளின் தண்ணீர்தான். ஏரி வற்றினாலோ கெட்டாலோ அவை வராது.

அதே கொள்ளிடத்தில் முதலைகளும் உண்டு. சிதம்பரத்தை ஒட்டிய பழைய கொள்ளிடக் கரை ஊர்களில் மாடு கழுவப் போனவரும் துணி துவைக்கப் போனவரும் கடிபட்ட செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். ஊருக்குள் வரும் முதலைகளை வனத்துறையினர் பிடித்து வக்காரமாரி ஏரியில் விடுகிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலைக்கு உச்சபட்சப் பாதுகாப்பு. அதே ஆற்றில் குளிக்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு வேண்டும். இரண்டையும் எப்படிச் சேர்த்துச் செய்வது? எந்தத் துறையில் இறங்கலாம், எதில் கூடாது, கம்பி வேலி எங்கே தேவை, இனப்பெருக்க மாதங்களில் என்ன எச்சரிக்கை வேண்டும் என்று பிள்ளைகளையே விவாதிக்க விடுங்கள். அந்தக் கரையில் வீடு உள்ள பிள்ளை அன்று வகுப்பில் முதல் வரிசைக்கு வருவான். கிர் காட்டு ஓரத்தில் ஆடு மேய்ப்பவரும் சுந்தரவனத்தில் தேன் எடுக்கப் போகிறவரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்வியும் இதுவே. வனவிலங்கு என்றால் கூண்டுக்குள் இருப்பது, தொலைக்காட்சியில் ஓடுவது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, அதனோடு சேர்ந்து வாழ்வது என்றால் என்ன என்பது இங்கே புரியும்.

விலங்குகளோடு நிறுத்திவிட முடியாது. பலவகை மனிதர்களும் கூடி வாழும் நாடு இது; அதையும் காட்ட நம் மாவட்டத்தில் இடம் இருக்கிறது. மகாசிவராத்திரியை ஒட்டி 1981 முதல் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி நடக்கிறது. பரதம் மட்டுமின்றி ஒடிசி, குச்சிப்புடி, மணிப்புரி, மோகினியாட்டம், கதக் என்று நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கலைஞர்கள் வந்து தில்லைக் கூத்தனுக்கு ஆடிக் காணிக்கை செலுத்துகிறார்கள். மாலையில் ஒரு நிகழ்ச்சி பார்க்கும் முன், பகலில் கோபுர வாயில்களில் செதுக்கியிருக்கும் 108 கரணச் சிற்பங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கல்லில் கண்ட அதே நிலை மணிப்பூர்ப் பெண்ணிடமும் ஒடிசாப் பெண்ணிடமும் எப்படி மாறி வருகிறது என்று அவர்களே தேடட்டும்.

பரங்கிப்பேட்டைக்குப் போனால் வெள்ளாற்று முகத்துவாரத்தில் அரபு வணிகரும் போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறி நங்கூரம் பாய்ச்சிய ஊரைக் காணலாம். 1781-இல் ஐதர் அலியின் படையும் ஆங்கிலப் படையும் மோதிய களம் அதன் அருகில்தான். அங்கேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அதன் அருங்காட்சியகத்தைப் பார்க்கக் கடிதம் எழுதி அனுமதி பெறுங்கள். பல மாநில மாணவர்கள் கடலைப் படிக்கத் தேடி வரும் இடம், நம் பிள்ளைகளுக்குத் தெரியாத இடமாக இருக்கக் கூடாது. கடலூரில் கெடிலக் கரையில் 1690-இல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டை, 1918-இல் பாரதியார் அடைக்கப்பட்டிருந்த சிறை, வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டி இன்றும் அணையாமல் எரியும் தருமச்சாலை அடுப்பு என்று இன்னும் சொல்லிக்கொண்டே போகலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். ஆண்டுக்கு ஓர் இடம் போதும். ஆறாம் வகுப்பில் வீராணம், ஏழில் கடலூர்க் கரையும் ஆமையும், எட்டில் பிச்சாவரம், ஒன்பதில் சிதம்பரமும் பரங்கிப்பேட்டையும் என்று பிரித்துக்கொண்டால், பத்தாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை தன் மாவட்டத்தை அறிந்த பிள்ளையாக இருக்கும்.

உங்களுக்கு இருக்கும் தயக்கங்களையும் அறிவேன்.

பணம் முதல் தயக்கம். உள்ளூர்ப் பயணம் ஊட்டிச் செலவில் சிறு பகுதிதான். தங்கும் செலவு இல்லை. மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டு வரலாம். கட்ட முடியாத பிள்ளைகளுக்கு ஊர்ப் பெரியவர்களும் முன்னாள் மாணவர்களும் உதவுவார்கள். கேட்க நாம் தயங்கினாலும் கொடுக்க அவர்கள் தயங்குவதில்லை. இரவு தங்க வேண்டியதில்லை என்பதால், வெளியூர்ப் பயணத்துக்குப் பெண் பிள்ளைகளை அனுப்ப மறுக்கும் பெற்றோர்கூட இதற்குச் சம்மதிப்பார்கள். இதுவரை ஒரு சுற்றுலாவுக்கும் போகாத பெண் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். இந்த மடலின் நியாயம் அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும்.

பாதுகாப்பு இரண்டாவது தயக்கம். தண்ணீர் என்றால் பயம் நியாயமானது. மிதவைச் சட்டை இல்லாமல் ஒரு பிள்ளைகூடப் படகில் ஏறக் கூடாது. படகுக்கு ஓர் ஆசிரியர் கட்டாயம் வேண்டும். புயல் எச்சரிக்கை உள்ள நாளில் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். கொள்ளிடக் கரையில் நீரில் இறங்கவே கூடாது. இதில் விட்டுக்கொடுப்பதற்கு எதுவும் இல்லை.

நேரம் மூன்றாவது தயக்கம். பாடத்தை முடிக்கவே நாள் போதவில்லை என்பீர்கள். மேலே நான் சொன்னவற்றில் பாடப்புத்தகத்துக்கு வெளியே எது இருக்கிறது? தகவமைப்பு, உணவுச் சங்கிலி, நீர்ப்பாசனம், காற்றின் திசை, சோழர் வரலாறு, ஐரோப்பியர் வருகை எல்லாம் உங்கள் பாடத்திட்டத்தில் இருப்பவையே. பயணத்துக்கு முந்தைய வாரம் ஒரு வகுப்பு, பிந்தைய வாரம் ஒரு வகுப்பு ஒதுக்கினால் அந்தப் பாடங்களை மீண்டும் நடத்த வேண்டிய தேவையே இருக்காது.

போகும் இடத்துக்கு நாம் பாரமாகவும் இருக்கக் கூடாது. நெகிழிப் பொட்டலம் ஒன்றுகூடப் படகில் ஏறக் கூடாது. பறவைகளுக்குத் தீனி போடுவது, கிளை ஒடிப்பது, சிப்பியும் நாற்றும் பறித்துப் பையில் போடுவது வேண்டாம். சத்தம் வேண்டாம். பார்த்ததை வரைந்து வரட்டும். கேட்டதை எழுதி வரட்டும். ஒவ்வொரு பிள்ளையும் பதில் தெரியாத ஒரு கேள்வியோடு திரும்ப வேண்டும் என்று மட்டும் விதி வையுங்கள். அந்தக் கேள்விகளைப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த ஆண்டுப் பயணத்துக்கான பாடத்திட்டம் உங்களுக்கு அங்கேயே கிடைத்துவிடும்.

தலைமை ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வரும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். முழுப் பள்ளியும் வேண்டாம், ஒரே ஒரு வகுப்பிலிருந்து தொடங்குங்கள். வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு கடிதம், படகுக் குழாமுக்கு ஒரு கடிதம், முதன்மைக் கல்வி அலுவலரிடம் அனுமதி. தொடங்க இவ்வளவுதான் தேவை. பொங்கல் விடுமுறை முடிந்து பிப்ரவரி முடிவதற்குள் போய்வந்தால் பறவைகள் இருக்கும், வெயில் ஏறியிருக்காது, ஆண்டுத் தேர்வும் நெருங்கியிருக்காது.

அதற்குப் பிறகு ஊட்டிக்கும் போங்கள், மைசூருக்கும் போங்கள். முடிந்தால் சுந்தரவனத்துக்கும் காசிரங்காவுக்கும் அழைத்துப் போங்கள். வெண்கண்டல் இலையின் உப்பைச் சுவைத்த பிள்ளை, சுந்தரவனத்தில் இறங்கியதும் அங்குள்ள மரத்தைத் தேடிப் போய்த் தொடும். கொள்ளிடக் கரையில் முதலைக்காகவும் மனிதனுக்காகவும் சேர்த்து யோசித்த பிள்ளை, காசிரங்காவின் ஓரத்தில் வயல் வைத்திருப்பவரிடம் போய், உங்கள் பயிரை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள் என்று கேட்கும். படம் எடுத்துக்கொண்டு திரும்பும் பயணிகள் இந்த நாட்டில் ஏராளம். கேள்வி கேட்கும் பயணிகள்தான் குறைவு. அவர்களை உருவாக்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள் என்று இரு கரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
சிதம்பரத்திலிருந்து, ஓய்வுபெற்ற உங்கள் சக ஆசிரியர்